கச்சான் வாங்கப் போன இரவு

முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குப் போய்த் திரும்புகிறவர்களிடம் எங்கள் பக்கத்தில் கேட்கும் முதல் கேள்வி "கச்சான் எங்கே?" என்பதுதான். கச்சான் என்றால் நிலக்கடலை. அம்மனைக் கண்டாயா, கூட்டம் எப்படி என்பதெல்லாம் அதற்குப் பிறகு. நானும் அந்த வைகாசித் திங்கள் இரவு அரைக் கிலோ கச்சான் நிறுக்கச் சொல்லிவிட்டுத்தான், தோளில் கிடந்த கைப்பைக்குள் காசு எடுக்கக் கையை விட்டேன். விட்ட கை மறுபக்கத்தால் வெளியே வந்தது.

பையின் அடித் தையலுக்கு ஒரு விரல் மேலே வெட்டியிருந்தார்கள். பிளேட் வெட்டு. கரும்பலகையில் அடிமட்டம் வைத்து நான் கீறும் கோடுகூட அவ்வளவு நேராக வருவதில்லை. என் விரல்கள் நான்கும் அந்தப் பிளவுக்குள்ளால் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றன. கச்சான்கார அம்மா கடதாசிச் சரையை நீட்டியபடி விரல்களைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஐயோ பிள்ளை, அறுத்துவிட்டான்" என்றார். அன்றைக்கு அவருடைய கடைக்கு முன்னால் அப்படி நின்றவர்களில் நான் மூன்றாவது ஆளாம்.

நான் கணிதம் படிப்பிக்கிறவள். புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு பாடசாலையில் பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு சொல்லிக்கொடுப்பது என் தொழில். அப்படிப்பட்டவள் அடுத்த ஐம்பது நிமிடத்தை எப்படிச் செலவழித்தேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். முதலில், அம்மாவும் நானும் அக்காவின் மகனும் இருந்த மரத்தடிக்குத் திரும்பிப் போய் மண்ணைக் கிளறிப் பார்த்தோம். பை அறுபட்டிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனாலும் பணப்பை தானாக விழுந்திருக்கலாம் என்று ஓர் ஆசை. பிறகு ஒலிபெருக்கிக்காரரிடம் போனோம். "கறுப்பு நிறப் பணப்பை ஒன்றைக் கண்டெடுத்தவர்கள்" என்று அவர் மூன்று தடவை அறிவித்தார். எடுத்தவனுக்கு அதைவிட நல்ல செய்தி இருந்திருக்காது. நாங்கள் இன்னும் வங்கிக்குச் சொல்லவில்லை, மணலில் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று அவனுக்கு அறிவித்தே கொடுத்திருக்கிறோம். பிறகு அம்மா கோவில் பக்கம் திரும்பிக் கைகூப்பி, எடுத்தவனின் கண்ணைக் கெடுக்கச் சொல்லி ஒரு நேர்த்தி வைத்தார். கடல் நீரில் விளக்கு எரிய வைக்கிற அம்மனுக்கு இது ஒரு வேலையா என்பது அவருடைய நம்பிக்கை. தெரிந்த ஒருவர் வந்து, ஒட்டுசுட்டானில் நல்ல சாத்திரக்காரர் ஒருவர் இருப்பதாகச் சொன்னார்.

இவ்வளவுக்கும் என் கைத்தொலைபேசி பத்திரமாக இருந்தது. படம் எடுப்பதற்காக அக்காவின் மகன் வாங்கி வைத்திருந்தான். அதை வாங்கி வங்கிக்கு அழைக்க வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. தோன்றியது. ஆனால் அழைத்துவிட்டால் அது திருட்டு ஆகிவிடும். டீச்சர் பொங்கலில் ஏமாந்து போனாராம் என்று ஊர் பேசும். அத்தான் ஒரு வாரத்துக்குச் சிரிப்பார். அழைக்காத வரைக்கும் அது வெறும் காணாமற்போன பணப்பை. இந்த வெட்கத்துக்கு நான் கொடுத்த விலையை ரூபாய்க் கணக்கில் சொல்ல முடியும்.

சரியாகப் பத்து மணி தாண்டியபோது கைத்தொலைபேசி நடுங்கத் தொடங்கியது. அவ்வளவு சனத்துக்குள் சமிக்ஞை கிடைக்காமல் நின்ற குறுஞ்செய்திகள் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. 9.34 க்குப் பெற்றோல் செட் ஒன்றில் 4,300 ரூபாய். 9.41 க்கு 4,750. 9.47 க்கு 3,900. கடைசியாக ஏதோ வெளிநாட்டு இணையக் கடையில் 49.99 அமெரிக்க டொலர். எல்லாம் என் கடனட்டையில்.

மூன்று உள்ளூர்த் தொகைகளும் ஐயாயிரத்துக்குக் கீழே இருப்பதைக் கவனியுங்கள். அட்டையை இயந்திரத்தின் மேல் தொட்டுவிட்டு எடுக்கிற முறையில், சிறிய தொகைக்கு இரகசிய இலக்கமும் கேட்க மாட்டார்கள், கையெழுத்தும் கேட்க மாட்டார்கள். வரிசை நீளாமல் இருக்கச் செய்த வசதி அது. அந்த வசதி திருடனுக்கும் பொது. டொலர்க் கணக்கு வேறு வழி. அட்டையின் இலக்கம், முடிவுத் திகதி, பின்பக்கத்து மூன்று இலக்கம் ஆகியவற்றை அடித்தால் போதும்; எல்லா வெளிநாட்டுக் கடைகளும் நம் கைத்தொலைபேசிக்கு ஓ.டி.பி. அனுப்பிக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை.

இப்போதுதான் அழைத்தேன். அழைப்பதற்கு இலக்கம் வேண்டுமே. அது எங்கே அச்சிட்டிருக்கிறது? அட்டையின் பின்பக்கத்தில். அட்டை எங்கே? வீடு தீப்பிடித்தால் தண்ணீர் வாளி எந்த அறைக்குள் இருக்கிறது என்பதை அந்த அறைக்குள்ளேயே எழுதி ஒட்டி வைத்த மாதிரி. அக்காவின் மகன் இணையத்தில் வங்கியின் பெயரை அடித்துத் தேடினான். முதலில் வந்த இலக்கத்தை அழுத்தப் போனவனைத் தடுத்தது மட்டும்தான் அன்றிரவு நான் உருப்படியாகச் செய்த காரியம். அவசரத்தில் தேடுகிறவர்களுக்கென்றே வங்கியின் பெயரில் பொய்யான இலக்கங்களைப் போட்டு வைத்திருப்பார்கள். வங்கியின் சொந்த இணையத்தளத்துக்குப் போய், அங்கிருந்து எடுத்தோம். செயலியிலேயே அட்டையைப் பூட்டும் வசதி இருந்தது என்பது அடுத்த நாள்தான் எனக்குத் தெரிய வந்தது. அதைத் திறக்கும் கடவுச்சொல்லை நான் மறந்து ஆறு மாதம்.

மொழியைத் தெரிவு செய்யச் சொன்னது. தமிழைத் தெரிவு செய்தேன். வயலின் வாசித்தார்கள். மின்கலத்தில் 9 சதவீதம். பதினொரு நிமிடம் வயலின். பிறகு ஒரு பெண்பிள்ளை வந்தார். நல்ல தமிழ், மட்டக்களப்புச் சாயல். பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், கடைசியாக நான் எங்கே செலவு செய்தேன் என்று கேட்டுச் சரிபார்த்தார். அட்டையைத் தடுத்துவிட்டதாகச் சொன்னார். "எங்கள் வங்கியில் உங்களுக்கு வேறு அட்டை இருக்கிறதா?" என்று அவராகவே கேட்டார். சம்பளக் கணக்கின் ஏ.டி.எம். அட்டை இருந்தது. அதையும் தடுத்தார். நேரம் 10.31 என்றார், முறைப்பாட்டு இலக்கம் ஒன்று தந்தார். எழுதக் கடதாசி இல்லை. கச்சான் சரையை விரித்து, கடைக்கார அம்மாவின் பேனையால் அதில் எழுதினேன். சரை யாரோ ஒரு பிள்ளையின் கணிதக் கொப்பியில் கிழித்த தாள். சமன்பாட்டை இரண்டாவது வரியிலேயே பிழையாக இடம் மாற்றியிருந்தது அந்தப் பிள்ளை. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அந்த இலக்கமும் அந்த நேரமும்தான் பின்னால் என்னைக் காப்பாற்றின. அறிவித்த நேரத்துக்குப் பிறகு அட்டையில் நடப்பதற்கு வாடிக்கையாளர் பொறுப்பில்லை என்பதுதான் பெரும்பாலான அட்டை ஒப்பந்தங்களின் போக்கு. அந்த நேரத்தைக் காட்ட உங்களிடம் இலக்கம் இல்லை என்றால் நீங்கள் அறிவிக்கவே இல்லை.

அதன்பிறகு மனம் இலேசாகிவிட்டது. அம்மாவுக்குப் பக்கத்தில் மணலில் காலை நீட்டி இருந்து, கச்சான் உடைத்துத் தின்றேன். பறை கேட்டது. பொங்கல் பானைகளைச் சுற்றிப் புகை. அம்மாவின் ஏ.டி.எம். அட்டை என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே என் நினைவில் இல்லை.

அது வேறு வங்கி. கனடாவில் இருக்கும் தம்பி எங்கள் வீட்டுக் கூரைக்கு அனுப்பிய பணம் அந்தக் கணக்கில் கிடந்தது. அம்மாவுக்கு இயந்திரத்தோடு மல்லுக்கட்ட இயலாது என்பதால் அட்டை என் பணப்பையில்தான் இருக்கும். குறுஞ்செய்தி வரும் வசதியை அந்தக் கணக்குக்கு நாங்கள் கேட்டு வாங்கவில்லை. அடுத்த நாள் காலை பத்து மணிக்கு, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது நினைவு வந்தது. வாயைக் கொப்பளிக்காமலே வெளியே ஓடிவந்தேன்.

இரவு 11.52 க்கு நாற்பதாயிரம். 12.06 க்கு இன்னொரு நாற்பதாயிரம்.

இடையில் ஏன் பதினான்கு நிமிடம் என்று வங்கியில் வேலை செய்யும் ஒரு தம்பியிடம் கேட்டேன். நாள் மாற வேண்டுமே என்றார். ஒரு நாளில் எடுக்கக்கூடிய உச்சத் தொகை நள்ளிரவோடு புதுக் கணக்காகிவிடும். வந்தவன் முதல் நாளுக்குரியதை எடுத்துவிட்டு, வெளியே நின்று ஒரு சிகரெட் பிடித்துவிட்டு, இரண்டாம் நாளுக்குரியதையும் எடுத்திருக்கிறான். கமராவில் தலைக்கவசம் தெரிகிறது, முகம் தெரியவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும் என்று அந்தக் கண்ணாடிக் கதவில் மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருக்கிறது.

அந்தத் தம்பி சொன்ன இன்னொரு சொல்தான் என்னைக் குடைந்துகொண்டிருந்தது. இரகசிய இலக்கம் முதல் தடவையிலேயே சரியாக அடிக்கப்பட்டிருக்கிறது என்றார். தடுமாற்றம் இல்லை, இரண்டாம் முயற்சி இல்லை. "எங்கேயாவது எழுதி வைத்திருந்தீர்களா மிஸ்?" எழுதி வைக்கவில்லை என்று சத்தியம் செய்தேன். அது உண்மையும்கூட. அவர் நம்பாத மாதிரித் தலையாட்டினார்.

பொலிஸில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்டினால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறும். முறைப்பாட்டை எழுத இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்தவர் விடுமுறையில். சிங்களத்தில் எழுதி முடித்து, கையெழுத்துப் போடச் சொன்னார்கள். வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ் என்று 1988 இல் 16 ஆவது திருத்தம் வழியாக அரசியலமைப்பில் எழுதியிருக்கிறார்கள்; அந்த நிலையத்தின் மேசை வரைக்கும் அது இன்னும் வந்து சேரவில்லை. வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று வாங்கிலில் இருந்துவிட்டேன். இரண்டு மணித்தியாலத்தில் தமிழ் தெரிந்த ஒருவர் எங்கிருந்தோ கிடைத்தார். நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. அவர்கள் எழுதியிருந்தது கைப்பைத் திருட்டு மட்டும். திருடிய அட்டையைப் பயன்படுத்தியது தனிக் குற்றம். அதற்கென்றே 2006 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு கொடுப்பனவும் எத்தனை மணிக்கு, எங்கே, எவ்வளவு என்று வரி வரியாகச் சேர்க்கச் சொன்னேன். அட்டை இலக்கத்தில் கடைசி நான்கை மட்டும் கொடுத்தேன். முழு இலக்கத்தையும் எழுதி, அது பத்துப் பேர் கை மாறுகிற கோப்பில் கிடக்க வேண்டியதில்லை. அந்த முறைப்பாட்டின் பிரதியைத்தான் பிறகு எல்லா இடத்திலும் கேட்டார்கள்: இரண்டு வங்கி, கிராம அலுவலர், பிரதேச செயலகம், சாரதி அனுமதிப்பத்திரம். நான்கு பிரதியாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கள்வனுக்கு இரகசிய இலக்கம் எப்படித் தெரிந்தது என்பது எனக்கு வெளித்தது பிரதேச செயலகத்தில்.

தொலைந்த அடையாள அட்டைக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். முந்திய அட்டையின் இலக்கம் என்ற கட்டத்துக்கு வந்து, 7 எழுதி, 9 எழுதினேன். பேனை அங்கேயே நின்றுவிட்டது. எனக்குப் பின்னால் நின்ற ஐயா, "தங்கச்சி, இலக்கம் மறந்துவிட்டதோ?" என்றார். மறக்கவில்லை ஐயா, இப்போதுதான் வாசிக்கத் தெரிந்தது என்று சொல்ல வாய் வந்தது.

இலங்கை அடையாள அட்டை இலக்கத்தில் இரகசியம் எதுவும் இல்லை. பழைய முறையில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். முதல் இரண்டு பிறந்த வருடம். அடுத்த மூன்று அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 1979 பெப்ரவரி 10 இல் பிறந்த பெண்ணை எடுத்துக்கொண்டால் 41 ஆவது நாள், 500 கூட்டினால் 541, ஆக 79541 என்று தொடங்கும். 2016 இலிருந்து வந்த பன்னிரண்டு இலக்க முறை இன்னும் தாராளம்: முதல் நான்கும் முழு வருடம். இலக்கத்தைப் பிரித்துப் பார்க்கும் சிரமமும் வேண்டாம், பிறந்த திகதி அட்டையில் தனியாகவே எழுதியிருக்கிறது.

அம்மாவின் அட்டைக்கு இலக்கம் போட்டது நான். 1979. என் பிறந்த வருடம். எதைப் போட்டால் மறக்க மாட்டீர்கள் என்று கேட்டபோது அம்மா சொன்னார்: "உன்னைப் பெற்ற வருடத்தை மறப்பேனா?" அதே பணப்பையில், அதே தட்டில், அம்மாவின் அட்டைக்கு முன்னால் என் அடையாள அட்டை. எழுதி வைக்கவில்லை என்று வங்கியில் சத்தியம் செய்தேனே, எனக்காக ஆட்பதிவுத் திணைக்களமே எழுதி, உறையிட்டுத் தந்திருக்கிறது.

நான்கு இலக்கத்தில் பத்தாயிரம் விதமான எண்கள் அமைக்கலாம். மூன்று தடவை பிழைத்தால் இயந்திரம் பூட்டிக்கொள்ளும். கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறவனுக்குப் பத்தாயிரத்தில் மூன்று வாய்ப்பு, பயமில்லை. ஆனால் நாங்கள் அந்தப் பத்தாயிரத்திலும் 19 இல் தொடங்கும் நூறை மட்டுமே பாவிக்கிறோம், அந்த நூறில் எது என்பதையும் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போகிறோம். இதை நான் ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்கிறேன்.

இந்த நான்கு என்ற எண்ணிக்கைக்கும் ஒரு பெண்ணின் ஞாபகம்தான் காரணம் என்று பிறகு வாசித்தேன். 1967 ஜூன் 27 இல் லண்டனின் வடபுறத்தில், என்ஃபீல்ட் என்ற இடத்தில் ஒரு வங்கி முதன்முதலாகப் பணம் தரும் இயந்திரத்தை வைத்தது. அதை உருவாக்கிய ஜோன் ஷெப்பர்ட் பரன் ஷில்லாங்கில் பிறந்தவர். அவர் முதலில் ஆறு இலக்கம் வைக்கத்தான் நினைத்தாராம். குசினி மேசையில் மனைவியைக் கேட்டுப் பார்த்தபோது, நான்குக்கு மேல் தனக்கு நினைவில் நிற்காது என்று அவர் சொல்லிவிட்டார். ஷெப்பர்ட் பரனே பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். எங்கள் அம்மாவைக் கேட்டிருந்தால் ஒன்றும் வேண்டாம், ஆளைப் பார்த்துக் கொடுங்கள் என்றிருப்பார்.

எல்லாம் ஏன் ஒரே பணப்பையில் இருந்தன? இந்தக் கேள்வியை வங்கியில் கேட்டார்கள், பொலிஸில் கேட்டார்கள், அத்தான் கேட்டார். கொழும்பிலிருந்து தொலைபேசியில் பேசிய சிநேகிதி கொஞ்சம் ஏளனமாகவே கேட்டாள். வன்னியில் இருக்கிறவர்கள் யாரும் கேட்கவில்லை.

போர்க்காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு யூரியாப் பை இருந்தது. அதற்குள் பொலித்தீன், அதற்குள் இன்னொரு பொலித்தீன், அதற்குள் பிறப்புச் சான்றிதழ்கள், காணி அனுமதிப்பத்திரம், வங்கிப் புத்தகங்கள், எங்கள் பரீட்சைச் சான்றிதழ்கள், அப்பாவின் மரணச் சான்றிதழ். தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று இடம் மாற மாறச் சட்டிபானை போனது, தையல் இயந்திரம் போனது, சைக்கிள் போனது. பை போகவில்லை. பங்கருக்குள் அம்மா அதன்மேல்தான் தலை வைத்துப் படுப்பார். 2009 மே மாதம் வட்டுவாகல் பக்கமாக வெளியேறியபோது அது அவருடைய தலையில் இருந்தது. செட்டிக்குளம் முகாமில் பதிவுக்கு வரிசையில் நின்றபோது, ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் நின்ற சனத்தின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும், ஒரே இழுவையில் தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும், உடம்பை விட்டு விலகக்கூடாது. அந்தப் படிப்பை எங்களுக்கு யாரும் பலகையில் எழுதிப் படிப்பிக்கவில்லை.

வற்றாப்பளைக் கோவிலும் நந்திக்கடல் ஓரத்தில்தான் இருக்கிறது. அன்று பையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்த அதே தண்ணீர்க் கரையில், பத்துச் செக்கனில் ஒரு பிளேட்டுக்கு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்துவிட்டேன். ஷெல்லுக்கு ஏற்ற பழக்கம் பிளேட்டுக்கு ஏற்றதல்ல. ஷெல் அடையாள அட்டையை வாசிக்காது.

மூன்றாம் நாள் மாலை ஓர் அழைப்பு வந்தது. வங்கியின் தலைமை அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொன்னார். நல்ல பணிவு. என் முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம், எந்த வங்கி, கடனட்டையின் கடைசி நான்கு இலக்கம் எல்லாம் சரியாகச் சொன்னார். போன பணத்தைத் திருப்பிப் போடப் போகிறோம், உறுதிப்படுத்த உங்கள் கைத்தொலைபேசிக்கு ஆறு இலக்கம் வரும், அதை வாசியுங்கள் என்றார். இலக்கம் வந்தது. நான் கண்ணாடியைத் தேடினேன், வாசிப்பதற்கு. அந்த இடைவெளியில் அவர், "பார்த்தீர்களா அக்கா?" என்றார்.

அக்கா. இத்தனை வருடத்தில் எந்த வங்கியும் என்னை அக்கா என்று அழைத்ததில்லை. மிஸ் என்பார்கள், மடம் என்பார்கள், கணக்கில் பணம் குறைந்தால் வாடிக்கையாளர் என்பார்கள். கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு, தம்பி எந்த ஊர் என்று கேட்டேன். தொடர்பு அறுந்தது. பணப்பையில் இருந்த அட்டைகளைப் பார்த்து வாசித்தால் அவர் சொன்ன அவ்வளவையும் யாரும் சொல்லலாம். திருட்டுக் கொடுத்தவரைத் தேடி இரண்டாவது தடவை வருவார்கள். பணம் திரும்பி வரும் என்று ஏங்கிக்கொண்டிருக்கிற ஆளைவிட இலகுவான ஆள் யார்? இந்த ஆறு இலக்கத்தை எந்த வங்கியும் வாயால் வாசித்துக் காட்டச் சொல்லாது. கைத்தொலைபேசியும் சேர்ந்து களவு போயிருந்தால் நான் அந்த அழைப்புக்கே தேவைப்பட்டிருக்க மாட்டேன். இலக்கங்கள் நேராக அவர்கள் கைக்கே போயிருக்கும். அப்படியான நிலையில் சிம் அட்டையை நிறுத்துவதுதான் முதல் அழைப்பு, வங்கி இரண்டாவது.

இன்னொரு பயமும் பிறகு பிடித்தது. அடையாள அட்டையை வைத்து என் பெயரில் தவணைக்குக் கைத்தொலைபேசியோ மோட்டார் சைக்கிளோ எடுத்துவிட்டால்? போருக்குப் பிறகு ஏ9 வீதியோரம் முளைத்த நிதி நிறுவனங்களும் லீசிங்காரர்களும் நுண்கடன்காரர்களும் எங்கள் பக்கத்துப் பெண்களைப் படுத்திய பாடு எங்களுக்குத் தெரியும்; எடுக்காத கடனுக்கும் வாசலில் வந்து நிற்பார்களோ என்று தூக்கம் வரவில்லை. கடன் தகவல் பணியகம் என்று 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைத்த நிறுவனம் ஒன்று இருக்கிறது, கிறிப் (CRIB) என்று சொல்வார்கள். நம் பெயரில் எங்கெங்கே கடன் இருக்கிறது என்ற அறிக்கையை நாமே கேட்டு எடுக்கலாம். எடுத்தேன். என் சொந்தக் கடன்கள் மட்டும்தான் இருந்தன. அவற்றைப் பார்த்து முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டேன்.

பணத்தின் கதை இப்படி முடிந்தது. கடனட்டையில் போனதை, நான் செய்யவில்லை என்று படிவத்தில் ஒவ்வொன்றாக எழுதிக் கையெழுத்திட்டு, பொலிஸ் பிரதியோடு கொடுத்தேன். விசாரணை முடியும்வரை அந்தத் தொகைகள் மாதக் கூற்றில் கிடந்தன. அவற்றுக்கு வட்டி போட வேண்டாம் என்று எழுத்தில் கேட்டேன், என் சொந்தச் செலவை மட்டும் கட்டிக்கொண்டு வந்தேன். ஐம்பத்து மூன்றாம் நாள் டொலர்க் கணக்கு உட்படத் திரும்பி வந்தது. கடனட்டையில் போவது முதலில் வங்கியின் பணம், அதனால் அவர்களுக்கும் தேடுவதில் அக்கறை. அம்மாவின் எண்பதாயிரம் அம்மாவின் பணம். சரியான அட்டை, சரியான இரகசிய இலக்கம், வாடிக்கையாளரின் கவனயீனம் என்று மூன்று வரிக் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில். அந்தக் கணக்கைத் திறக்கும்போது அம்மா நிரப்பிய படிவம் தமிழ்.

முகாமையாளரிடம் எழுத்தில் மறுமொழி எழுதினேன். பிறகு மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு, 1935 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழி கேட்டு, எழுதினேன். முதலில் வங்கிக்கு எழுத்தில் முறையிட்டு அதன் பதில் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் அங்கே கேட்ட முதல் விடயம். இருந்தது. முடிவும் வந்தது, பணம் வரவில்லை. இரகசிய இலக்கம் சரியாக இருந்தால் வழக்கு அங்கேயே சரிந்துவிடுகிறது. எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் இரவு 11.52 வரைக்கும் அந்த வங்கிக்கு ஒரு சொல் சொல்லாமல் கச்சான் தின்றுகொண்டிருந்தவள் நான் என்பதும் எனக்குத் தெரியும். 9.20 க்கே, பையிலிருந்து போனவை என்னென்ன என்று விரல் விட்டு எண்ணியிருந்தால் அந்த அட்டை நான்காவது விரலில் வந்திருக்கும்.

இப்போது வீட்டில் நாட்காட்டிக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எந்த வங்கி, அட்டையின் கடைசி நான்கு இலக்கம், அழைக்க வேண்டிய தொலைபேசி. அக்காவின் மகனிடமும் அதன் படம் இருக்கிறது. வெளியே போனால் ஒரே ஓர் அட்டை, அடையாள அட்டை வேறு பையில். தொட்டுச் செலுத்தும் வசதியை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார்கள். யூரியாப் பைக்குப் பதிலாக வந்த இரும்புப் பெட்டிக்குள் புது அடையாள அட்டையையும் வைத்துப் பூட்டிவிட அம்மா கேட்டார். வெளியே போனால் கையில் வேண்டும் என்று சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன், அவருக்கு மனமில்லை.

போன மாதம் அம்மாவின் புது அட்டை வந்தது. இலக்கத்தைத் தானே போடுவதாகச் சொன்னார். இயந்திரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சேலைத் தலைப்பை இழுத்து எண் பலகையின்மேல் கூடாரம் மாதிரிப் பிடித்துக்கொண்டு, அதற்குள் தலையைக் குனிந்து ஒவ்வொன்றாக அழுத்தினார். பின்னால் நான்கு பேர் காத்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாம் முறை உறுதிப்படுத்தும்போது பிழைத்துவிட்டது போல, இயந்திரம் கத்தியது. உதவி செய்யலாம் என்று கிட்டப் போனேன்.

"நீ தள்ளி நில்" என்றார்.